அண்ணன் பார்க்காத வாசல்

புகுந்த வீட்டை உகம் கன்வர் முதன்முதலாகப் பார்த்தது ஓடும் ரயிலின் சன்னல் இடுக்கு வழியாகத்தான்.

கல்யாணம் முடிந்து, பாகிஸ்தானில் உமர்கோட் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டாரோடு வந்துகொண்டிருந்தாள். எல்லையைத் தாண்டி, முனாபாவ் என்ற இந்திய எல்லை ஸ்டேஷனில் பெட்டி படுக்கையெல்லாம் கொட்டிக் கவிழ்த்துச் சோதனை முடிந்து, வண்டி மறுபடி கிளம்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை கேத்சிங் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இரும்பு ஷட்டரை விரலளவு தூக்கினான்.

"அதோ, வேப்பமரம் தெரியுதா? பக்கத்துல மஞ்சள் சுவர். அதான் நம்ம வீடு."

உகம் முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு குனிந்தாள். ஒரு மரம், ஒரு சுவர், சுவரோரம் ஒரு ஆடு. அதற்குள் காவலர் தடியால் ஷட்டரைத் தட்டினார். கேத்சிங் அதை இறக்கிவிட்டான்.

"நம்ம வீடுன்னா இறங்க வேண்டாமா?" என்று கேட்டாள் உகம். புருஷனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இங்க நிக்காது. எங்கேயும் நிக்காது. ஜோத்பூர் போய்த்தான் கதவைத் திறப்பாங்க. அங்கேருந்து பஸ் பிடிச்சுத் திரும்பி வரணும்."

"அப்ப இந்த ரயில் யாருக்கு ஓடுது?"

பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா சிரித்துவிட்டார். "ரெண்டு சர்க்காருக்கும் ஓடுதும்மா. நாம சும்மா உள்ள உக்காந்திருக்கோம்."

உகம் பிறந்தது சோடா குலத்தில். உமர்கோட்டைச் சுற்றியுள்ள ராஜபுத்திரக் கிராமங்களில் பெரும்பாலும் சோடாக்கள்தான். ஒரே குலத்துக்குள் எல்லாரும் அண்ணன் தங்கை முறை. பெண் கொடுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. சம்பந்தம் என்று கிளம்பினால் பார்மேர், ஜெய்சல்மேர் பக்கத்து ராட்டோர் முதலான குலங்களிடம்தான் வந்தாக வேண்டும். நாடு பிரிந்து நடுவில் கோடு விழுந்த பிறகும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார்கள். அறுபத்தைந்தாம் வருஷச் சண்டையில் குண்டு விழுந்து தண்டவாளம் சிதைந்தபோது ரயில் நின்றது. அதோடு பல வீடுகளில் கல்யாணமும் நின்றது. நாற்பது வருஷம் கழித்து, 2006-ல், தில்லியும் இஸ்லாமாபாத்தும் கைகுலுக்கி வண்டியைத் திரும்ப ஓடவிட்டன. வாரம் ஒரு முறை.

அந்த வண்டியில்தான் உகமின் அண்ணன் தேஜ்மாலுக்கு ஜெய்சல்மேரிலிருந்து சிரே கன்வர் மணப்பெண்ணாகப் போய்ச் சேர்ந்தாள். சில மாதங்களில் அதே வண்டியில் உகம் இந்தப் பக்கம் வந்தாள். ஒரு பெண் போனாள், ஒரு பெண் வந்தாள். ஸ்டேஷனில் வெற்றிலைக் கூடைக்காரர்களும் மணப்பெண்களும் ஒரே வரிசையில் நின்ற காலம் அது.

எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடக்கூடிய ரயில் என்று எல்லாருக்கும் தெரியும். மேலே இருப்பவர்களுக்குக் கோபம் வந்தால் இங்கே விசா வராது. அதனால் போய்வருகிறவர்களிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. கிளம்பும்போது எதையாவது முடிக்காமல் விட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். ஒருத்தி செருப்பில் ஒன்றை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வெறுங்காலோடு ரயில் ஏறுவாள். இன்னொருத்தர் பாதி குடித்த ஹூக்காவை அணைக்காமல் வைத்துவிட்டு எழுவார். மிச்சம் இருந்தால்தான் அடுத்த விசா கிடைக்கும் என்பது நம்பிக்கை. எல்லாவற்றையும் முடித்துவிட்டு, எல்லாரிடமும் நன்றாகச் சொல்லிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை என்பதற்குக் கதை கதையாகச் சாட்சி சொல்வார்கள். உகம் பிறந்த வீட்டுக்குக் கடைசியாகப் போனபோது ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைத் தைக்கத் தொடங்கி, பாதியில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு வந்தாள்.

அவள் வாழ்க்கைப்பட்ட பாண்டாசர் எல்லையோரக் கிராமம். அந்தப் பக்கத்துப் பாஸ்போர்ட்காரர்களில், வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களைத் தவிர யாருக்கும் அங்கே வர அனுமதி இல்லை. தேஜ்மாலுக்கு விசா கிடைத்தாலும் ஜோத்பூர் வரைக்கும்தான். உகம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி ஜோத்பூர் போய், சத்திரத்தில் அண்ணனோடு சில நாள் இருந்துவிட்டு வருவாள். அவன் திரும்பும் வண்டி காலையில் அவள் வீட்டுக்குப் பின்பக்கமாகத்தான் போகும். அதற்கு முந்தைய நாளே ஊர் திரும்பிவிடுவாள். விடிந்ததும் மாடிக் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு நிற்பாள். ரயில் வரும், போகும். பெட்டிகள் எல்லாம் மூடித்தான் இருக்கும்.

வீடு போய்ச் சேர்ந்ததும் தேஜ்மால் போன் செய்வான்.

"பார்த்தேன் உகம். சிவப்புத் துணி நல்லாத் தெரிஞ்சுது."

"நான் தெரிஞ்சேனா?"

"குச்சி மாதிரி நின்னே. சாப்பிடறதில்லையா அங்கே?"

கேத்சிங்கின் அண்ணன் மனைவி ஜடாவ் கன்வருக்கு இதைக் கிண்டல் செய்வதில் தனி ருசி. "ஏ சோடி, துணி கட்டியாச்சா? கட்டு, கட்டு. எங்க அண்ணன் எல்லாம் பஸ்ஸுல வந்து, வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வர்றாரு. உங்க அண்ணன் அமைச்சர் மாதிரி ரயில்ல போய்க்கிட்டே தரிசனம் குடுக்கறாரு."

புகுந்த வீட்டில் மருமகளைப் பிறந்த குலத்தின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். சோடிக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. "அமைச்சர்னா சும்மாவா அக்கா? முன்கூட்டியே விண்ணப்பம் போடணும்," என்பாள்.

2019 ஆகஸ்டில் ரயில் நின்றது. காஷ்மீர் விஷயத்தில் இரு பக்கமும் முறைத்துக்கொண்டதில் முதலில் அறுந்தது இதுதான். கொஞ்ச நாள்தான் என்றார்கள். சில மாதங்கள் முன்னால்தான் உகம் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து இந்தியக் குடியுரிமை வாங்கியிருந்தாள். பார்மேரில் மேடை போட்டு, மாலை போட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அப்பா செத்துப்போனார். சிதை எரிவதை வாட்ஸப்பில் பார்த்தாள். நெட்வொர்க் கோளாறில் நெருப்பு நடுநடுவே உறைந்து நின்றது.

பாண்டாசர் வழியாக முனாபாவுக்கு ஒரு பாசஞ்சர் வண்டி மட்டும் இன்றைக்கும் போகிறது. எல்லைக்கு முன்னால் இருக்கிற கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய், அப்படியே திரும்பி வரும்.

*

ரயில் நின்ற ஆறாம் வருஷம் மகள் ரசாலுக்கு வரன் அமைந்தது. ஜாலோர் பக்கம், நல்ல குடும்பம். அட்சய திரிதியை அன்று கல்யாணம். ராஜஸ்தானத்தில் அதைவிட நல்ல நாள் பார்க்க மாட்டார்கள்.

கல்யாணத்துக்கு மணப்பெண்ணின் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். நம் ஊர் போலத்தான், ஆனால் அங்கே சீரின் நடுநாயகம் மணப்பெண் இல்லை, அவளைப் பெற்றவள். வீட்டு வாசலில் மரப்பலகை போட்டு அதன்மேல் சகோதரி நிற்பாள். சகோதரன் வருவான். அவள் அவனுக்குத் திலகமிட்டு ஆரத்தி எடுப்பாள். அவன் சுனரி எனப்படும் சிவப்பு முக்காட்டுச் சேலையை அவள் தலையில் போர்த்துவான். ஊர்ப் பெண்கள் அவன் பெயரைச் சொல்லிப் பாடுவார்கள். பிறந்த வீடு என்று ஒன்று தனக்கு இருக்கிறது என்பதைப் புகுந்த வீட்டார் எல்லார் முன்னாலும் ஒரு பெண் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிற நேரம் அது.

தேஜ்மால் அங்கிருந்து விசாவுக்கு ஓடினான். கேத்சிங் இங்கே பார்மேருக்கும் ஜெய்ப்பூருக்கும் ஓடினான், மச்சான் கிராமத்துக்கு வர அனுமதி வாங்க. யாரும் எதிர்பார்க்கவில்லை, இரண்டும் கிடைத்தன. கல்யாணத்துக்கு இரண்டு நாள் பாண்டாசரில் தங்கலாம். ரயில் இல்லாததால் லாகூர் போய், வாகாவில் நடந்து எல்லை தாண்டி, அமிர்தசரஸ் வழியாக வர வேண்டும். அரை நாள் தூரத்துக்கு இந்தியாவின் பாதியைச் சுற்ற வேண்டும். பரவாயில்லை.

ஜடாவ் கன்வரே ஆளைக் கூப்பிட்டு வாசலுக்கு வெள்ளையடிக்கச் சொன்னாள். "அமைச்சர் இறங்கி வர்றாரு. சுவர் இப்படி இருந்தா என்ன நினைப்பாரு?"

தேஜ்மால் ஜோத்பூர் வந்து இறங்கி, அகதிக் குடியிருப்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினான். கிராமத்து அனுமதி தொடங்க இன்னும் சில நாள் இருந்தது. அப்போதுதான் காஷ்மீரில் சுற்றுலாப் பயணிகளைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்தது. ஊரே டிவி முன்னால் உட்கார்ந்து அழுதது. உகமும் அழுதாள். அடுத்த நாள் அறிவிப்பு வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் உடனே கிளம்ப வேண்டும். வாகாவும் சில நாளில் மூடப்படுகிறது.

கேத்சிங் ஜீப்பை எடுத்தான். உகம் கல்யாண வீட்டை அப்படியே போட்டுவிட்டு ஏறிக்கொண்டாள்.

*

ஜோத்பூர் ரயில் நிலையத்தின் முன்புறம் கூட்டத்தால் நிறைந்திருந்தது. தகரப் பெட்டிகள், போர்வை மூட்டைகள், அழுகிற பெண்கள், மைக்கை நீட்டிக்கொண்டு ஓடுகிற தொலைக்காட்சிக்காரர்கள். தேஜ்மால் படிக்கட்டில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். மீசை வெளுத்திருந்தது. தலைப்பாகைக்குக் கீழே முகம் பாதியாகியிருந்தது.

உகம் முக்காட்டை விலக்கினாள். கூடப்பிறந்தவன் முன்னால் முகத்தை மூட வேண்டியதில்லை. அவன் அவள் தலையில் கைவைத்தான். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"இளைச்சுட்டே அண்ணே."

"நீ குண்டாயிட்டே. நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு எடை இருக்கு, அதை நீ எடுத்துக்கிட்டே."

கேத்சிங் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். தேஜ்மால் அதை வாங்காமல் பார்த்தான். "தங்கச்சியைக் கட்டிக் குடுத்த வீட்டுத் தண்ணியை அண்ணன் எப்படிக் குடிக்கிறது மாப்பிள்ளை?"

"வீட்டுத் தண்ணி இல்ல மச்சான். வழியில ஒரு கடையில பிடிச்சது."

"பாட்டில்?"

"பாட்டில் வீட்டோடதுதான்."

"அப்ப ஆகாது."

"ஊரே பத்தி எரியுது, நீங்க பாட்டிலுக்கு முறை பார்க்கறீங்க."

"எரியறப்பத்தான் முறை பார்க்கணும். இல்லாட்டி என்ன மிச்சம்?" என்று எழுந்து, நிலையத்துக் குழாய்க்குப் போனான். பக்கத்தில்தான் இருந்தது. போகிற வழியில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். உகம் பார்த்தாள். அமிர்தசரஸிலிருந்து உட்கார்ந்தே வந்த அலுப்பு என்று நினைத்தாள்.

குழாயில் அவன் குனிவதற்குள் ஒரு தொலைக்காட்சிப் பையன் மைக்கோடு வந்துவிட்டான். "சார், இந்த நேரத்துல எப்படி உணர்றீங்க?"

"தாகமா இருக்கு தம்பி."

"இந்தியாவைப் பத்தி என்ன சொல்ல விரும்பறீங்க?"

"இங்கேயும் வெயில்தான்."

பையன் அடுத்த ஆளைத் தேடிப் போனான். தேஜ்மால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

கேத்சிங் குரலைத் தாழ்த்தினான். "மச்சான், இங்கேயே தங்க விண்ணப்பம் போடலாம்னு பேசிக்கிறாங்க. நம்மள மாதிரி இந்துக்களுக்குக் குடுப்பாங்களாம். நான் ஓடிப் பார்க்கறேன். கல்யாணத்தை முடிச்சிட்டு அப்புறம் யோசிக்கலாம்."

"நான் இங்க உக்காந்துட்டா சிரே அங்க யாரு? பிள்ளைங்க யாரு?" என்றான் தேஜ்மால். "அவளும் இப்படித்தான் ரயில்ல வந்தவ. என்னை நம்பி அங்க இருக்கா. அவளைத் தனியா விட்டுட்டு நான் கட்சி மாற முடியுமா?"

தேஜ்மால் பெட்டியைத் திறந்தான். மேலாக ஒரு துணிப்பையில் உமர்கோட் பக்கத்துக் குன்ரி மிளகாய். வாசனை மூக்கில் ஏறியது. அதன் கீழே, பழைய துணியில் சுற்றிய சுனரி. ஜரிகைக்கரை வெயிலில் ஒரு முறை பளிச்சிட்டது. தோளில் கிடந்த நீலமும் சிவப்புமான அஜ்ரக் துண்டை எடுத்துப் படிக்கட்டில் விரித்தான்.

"பலகை கிடையாது. இது மேல ஏறி நில்லு உகம்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? சீர் வாங்கிக்கோ."

அவள் பின்வாங்கினாள். "இங்கேயா?"

"இங்கேதான். வேற எங்கே?"

"வாசல்ல போடணும் அண்ணே. ஸ்டேஷன் படிக்கட்டுலயா போடுவாங்க? மூட்டை தூக்கறவங்க தாண்டிப் போறாங்க."

"போகட்டும். எனக்கு வேற வாசல் குடுக்கலையே."

"வெள்ளையடிச்சு வச்சிருக்கு. பலகைக்கு எண்ணெய் தடவியிருக்கேன். இத்தனை வருஷத்துல நீ ஒரு தடவைகூட என் வாசலை மிதிச்சதில்ல. வெளியிலேருந்துதான் பார்த்திருக்கே. உள்ள வர வேண்டாமா?"

தேஜ்மால் சுனரியை மடியில் வைத்து ஜரிகைக்கரையைத் தடவினான். பிறகு சொன்னான்.

"வெளியிலேருந்தும் பார்த்ததில்ல."

"என்ன?"

"ஷட்டரைத் திறக்கவே விட மாட்டாங்க உகம். முனாபாவ் வர்ற வரைக்கும் இருட்டுதான். ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. நீ மாடியில நிக்கிறேன்னு சொல்வியே, அதுக்காகச் சொன்னேன்."

கூட்டத்தில் யாரோ ஒரு குழந்தையைப் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உகம் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, அழுகையா, அவளுக்கே பிடிபடவில்லை.

"குச்சி மாதிரி நின்னேன்னு சொன்னியே."

"நீ எப்பவும் குச்சி மாதிரிதானே நிப்பே."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அப்ப கண்டிப்பா இங்க வாங்க மாட்டேன். நீ வரணும். வந்து வாசலைப் பார்த்து, அங்க நின்னு போடணும்."

"பிடிவாதம் பண்ணாதே. கையில இருக்கறப்ப வாங்கிக்கோ. காலம் சரியில்ல."

"காலம் என்னைக்குச் சரியா இருந்துது? ரயில் நாற்பது வருஷம் நின்னுச்சு, அப்புறம் ஓடலையா? மிச்சம் இருக்கட்டும் அண்ணே. சீர் பாக்கி இருந்தாத்தான் உனக்கு விசா கிடைக்கும். இதையும் முடிச்சிட்டுப் போனா, அப்புறம் எதுக்கு வருவே?"

"உகம், தங்கச்சி, சொன்னாக் கேளு." அந்தக் குரல் கெஞ்சலாக இருந்தது. தேஜ்மால் கெஞ்சி அவள் கேட்டதில்லை. அப்போதாவது அவள் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அஜ்ரக் துண்டை எடுத்து உதறி, மடித்து, அவன் தோளில் போட்டுவிட்டாள்.

"பெரிய வக்கீல்," என்றான் அவன். சுனரியைத் திரும்பச் சுற்றினான். ஒரு பக்கம் சரியாக மடியவில்லை. இரண்டு தடவை பிரித்து மடித்தான். "மிளகாயையாவது வாங்கிக்கோ. கல்யாணச் சமையலுக்கு. இது சீர்ல சேராது."

மிளகாயை வாங்கிக்கொண்டாள்.

அவன் ஏறியது அமிர்தசரஸ் பக்கம் போகிற சாதாரண வண்டி. எல்லா சன்னலும் திறந்திருந்தன. வண்டி வளைவில் திரும்புகிற வரைக்கும் அவன் கை வெளியே நீண்டிருந்தது.

*

திரிதியை அன்று வாசலில் பலகை போட்டார்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து கான்சிங் சோடா என்ற பெரியவர் வந்திருந்தார். எழுபத்தொன்றுச் சண்டையில் அகதியாக இந்தப் பக்கம் வந்தவர். தேஜ்மால் திரும்பிப் போன செய்தி கேட்டு, யாரும் அழைக்காமலே ஒரு சுனரி வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"நானும் சோடாதான் தாயி. நீ எனக்குத் தங்கச்சி முறைதான். குலத்துல யார் போட்டாலும் செல்லும்."

செல்லும் என்று உகமுக்கும் தெரியும். அதுதான் பயம். வேறொருவர் போட்டு, அது செல்லுபடியாகிவிட்டால், தேஜ்மாலின் பாக்கி தீர்ந்துபோகும். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"நீங்க வந்ததே போதும்ணா. என் அண்ணன் கொண்டு வருவாரு."

"ஏ சோடி, வெறும் தலையோட நிக்காதே," என்றாள் ஜடாவ் கன்வர். அன்றைக்குக் குரலில் கிண்டல் இல்லை. "பொண்ணு பார்க்கறா. வாங்கிக்கோடி."

உகம் பலகையில் ஏறி நின்றாள். பெண்கள் சீர்ப் பாட்டைத் தொடங்கினார்கள். அண்ணன் பெயர் வருகிற இடத்தில் ஒரு கணம் தயங்கி, பிறகு தேஜ்மால் பெயரைச் சொல்லியே பாடினார்கள். பாட்டு முடிந்தது. வாசலில் வெயில்தான் நின்றது. உகம் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போய்ச் சமையல் பார்த்தாள். குன்ரி மிளகாயின் காரத்தில் மாப்பிள்ளை வீட்டார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னும் கேட்டார்கள்.

அன்று சாயங்காலமே தேஜ்மாலுக்குச் சொன்னாள்.

"கான்சிங்கைத் திருப்பி அனுப்பிட்டியா?"

"ஆமா."

"பைத்தியம்." மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். "அப்ப நான் வந்தே ஆகணும்."

"வந்தே ஆகணும்."

அடுத்த வாரம் வானத்தில் சண்டை மூண்டது. எல்லையோரக் கிராமங்களில் விளக்கை அணைக்கச் சொன்னார்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் தனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று உகம் நினைத்துக்கொண்டாள். சில நாட்களில் சண்டை நின்றது. பாதை எதுவும் திறக்கவில்லை.

ஆனி மாத வெயிலில் ஒரு காலை. ஆட்டில் பால் கறந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. அண்ணி சிரே கன்வர். படம் இல்லை, குரல் மட்டும்.

"உகம், பக்கத்துல யார் இருக்கா?"

"யாரும் இல்ல அண்ணி. சொல்லுங்க."

"உக்காந்துக்கோ."

உட்கார்ந்துதான் இருந்தாள். ஆட்டின் காம்பிலிருந்து கையை எடுத்தாள்.

மார்வலி என்று தேஜ்மாலை உமர்கோட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. சிரே அதைச் சொல்லி முடித்தாள். பிறகு அவளே மறுபடி பேசினாள்.

"ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருக்கணும்னுதான் பார்த்தேன். அவருக்கு முன்னாடியே தெரியும் உகம். தை மாசமே டாக்டர் சொல்லிட்டாரு, இருதயம் பலவீனமா இருக்கு, அலையக் கூடாதுன்னு. நான் போக வேண்டாம்னேன். 'சுனரியை அவ தலையில போட்டுட்டு வந்துடறேன், அப்புறம் நீ சொல்றபடி கெடக்கேன்'னு கிளம்பினாரு. திரும்பி வந்து பெட்டியைத் திறந்தப்ப அது அப்படியே இருக்கு. ஏன்னு கேட்டேன். 'உகம் என்னை ஜாமீன்ல விட்டிருக்கா'ன்னு சிரிச்சாரு."

ஆடு பாத்திரத்தை உதைத்தது. பால் மணலில் போய், நொடியில் காணாமல் போனது. ஜடாவ் கன்வர் சத்தம் கேட்டு வெளியே வந்தவள், உகமின் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

*

புருஷனை இழந்த பெண் வீட்டின் ஒரு மூலையில் உட்கார வேண்டும். பிறந்த வீட்டிலிருந்து சகோதரன் வெளிர்நிறத் துணி கொண்டுவந்து போர்த்தி, கையைப் பிடித்து எழுப்பும்வரை அங்கேதான். சிரேயின் தம்பி ஜெய்சல்மேரில் இருக்கிறான். உகம் கேத்சிங்கோடு போய் அவனைப் பார்த்தாள். துணி வாங்கி வைத்திருந்தான். பாஸ்போர்ட்டும் வைத்திருந்தான். போக வழி இல்லை. துபாய் வழியாகப் போகலாமா என்று யாரிடமோ கேட்டிருந்தான்; விசாவே தருவதில்லை என்றார்களாம். மூவரும் டீ குடித்தார்கள். அந்தத் துணியை அவன் கொண்டுவந்து காட்டினான், பிறகு உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

மாதங்கள் போயின. அங்கே இருக்கிற சோடா பெண்கள், வேறு யாராவது முறைக்காரரை வைத்துச் சடங்கை முடித்துவிடலாம் என்று சிரேயிடம் சொல்லிப் பார்த்தார்கள். அவள் கேட்கவில்லை.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது சிரேயே கேட்டாள். "உன் சுனரி பெட்டியிலதான் இருக்கு. பூச்சி அரிக்காம வேப்பிலை போட்டு வச்சிருக்கேன். என்ன பண்ணட்டும்?"

உகம் இதற்குப் பதிலைப் பல நாளாகத் தயார் செய்து வைத்திருந்தாள். "முடிச்சிடுங்க அண்ணி. நான் பிறந்த வீட்டு வாசல்ல பலகையைப் போட்டு, அது மேல விரிச்சிடுங்க. நான் போர்த்திக்கிட்டதா நினைச்சுக்கறேன். மிச்சம் வச்சதெல்லாம் போதும். அவரு போட வந்தப்ப நான் நிக்கல. இனிமே பாக்கி வேண்டாம்."

உகம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மாட்டேன்," என்றாள் சிரே.

"அண்ணி..."

"முடிக்க மாட்டேன் உகம். நீ முடிச்சுக்கிட்டா அப்புறம் இந்த வீட்டுக்கு நீ எதுக்கு வருவே? என் தம்பி வந்து எழுப்பற வரைக்கும் நான் இந்த மூலையை விட்டு எழுந்திருக்கப் போறதில்ல. அதுவரைக்கும் உன் சுனரியும் இங்க பெட்டியில இருக்கட்டும். நீ பாதி தைச்சு விட்டுட்டுப் போன போர்வையும் இருக்கு. ஊசி துருப்பிடிச்சிருச்சு, ஆனா எடுக்கல."

ஜோத்பூர் படிக்கட்டில் உகம் சொன்ன அதே பேச்சு, அதே பிடிவாதம். அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு நிச்சயமாக இருந்ததோ அவ்வளவு நிச்சயம் அந்தக் குரலில் இருந்தது.

"சரி அண்ணி," என்றாள். "இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். காயப்போட்டிருந்த கம்பைக் கிளறிவிட வேண்டியிருந்தது. வேப்பமரத்துக்கு அப்பால் பாசஞ்சர் வண்டி முனாபாவ் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எல்லா சன்னலும் திறந்திருந்தன, ஆட்கள் அதிகமில்லை. கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டிய இடத்தில் முடிச்சு உரசிய தேய்மானம் பளபளவென்று தெரிந்தது. உகம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கடைசி ஸ்டேஷனைத் தொட்டுவிட்டு அந்த வண்டி திரும்பி வந்து, வீட்டைத் தாண்டி பார்மேர் பக்கம் போகும்வரைக்கும் அங்கேயே நின்றாள். கம்பைக் கிளற மறந்துவிட்டாள்.